வாசல் பதிவேடு

சமூகநல அலுவலகத்தின் இரண்டாவது மாடிக்கு முப்பத்தெட்டுப் படிகள். காயிலக்கா அதில் ஒன்றைக்கூட மிதித்ததில்லை. ஆனாலும் கணக்கு அவளுக்குத் தெரியும். கீழே, கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு, ஏறுகிறவர்களின் செருப்புச் சத்தத்தை எண்ணியிருக்கிறாள். பத்து, ஒரு திருப்பம், ஒன்பது. அது முதல் மாடி. மறுபடி பத்து, ஒரு திருப்பம், ஒன்பது. அதற்கு மேல் ஒரு கதவு கிறீச்சிடும். பிறகு சத்தம் இருக்காது.

எண்ணுவது அவள் தொழில். எரிந்துபோன சீலிங் ஃபேன்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுப்பவள். நூறு சுற்றுக்கு ஒரு சட்டைப் பொத்தானைத் தகர டப்பாவில் போடுவாள். பக்கத்தில் வீடு தீப்பிடித்தாலும் எண்ணிக்கை தவறாது என்று தெருவில் சொல்வார்கள். சும்மா சொல்லவில்லை. ஒருமுறை பக்கத்து வீட்டுக் கூரையில் நிஜமாகவே தீப்பிடித்தது. முந்நூற்று நாற்பதை முடித்து முடிச்சுப் போட்ட பிறகுதான் நாற்காலியைத் திருப்பினாள். பெயர் என்று ஒன்று அவளுக்கும் இருந்தது. அவளைவிட மூத்தவர்களே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

கால்கள் போய்ப் பதினாறு வருஷம். மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தபோது, மேல்தட்டில் அடுக்கியிருந்த இரும்புச் சாமான்கள் சரிந்து முதுகில் விழுந்தன. இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. முதலாளி ஆஸ்பத்திரிக்கு அரை டஜன் ஆப்பிள் வாங்கி வந்தார். அதோடு அவரும் சரி.

அதற்குப் பிறகு அரசாங்கம் மாதாமாதம் கொடுத்த உதவித்தொகைதான் வீட்டு வாடகை. காயில் சுற்றி வருவது சாப்பாட்டுக்கும் மருந்துக்கும். இப்படிப் பதினைந்து வருஷம் ஓடிய வண்டியை ஒரு புது விதி வந்து நிறுத்தியது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்கு நேரில் வந்து, கேமரா முன் உட்கார்ந்து, கைரேகை வைத்துவிட்டுப் போக வேண்டும். மூன்று முறை அழைத்தும் வராவிட்டால் தொகை நிற்கும். கேமராவையும் கைரேகை மிஷினையும் இரண்டாவது மாடியில் வைத்தார்கள். கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. நடக்க முடியாதவர்களுக்கான பிரிவை எந்தப் புத்திசாலி மேலே கொண்டுபோய் வைத்தான் என்று கேட்டால், மூட்டைப் பூச்சியைத் தேடுவதுபோல எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

முதல் அழைப்பு வந்த அன்று தம்பி அவளை லோடு ஆட்டோவில் ஏற்றி, நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டிக் கூட்டிப் போனான். வாசலில் வாட்ச்மேன் மேசை. ஒல்லியான, மீசை நரைத்த ஆள். மேசையில் ஒரு இன்டர்காம், பச்சை அட்டை போட்ட ஒரு பதிவேடு, நூலில் கட்டிய பேனா.

அவர் இன்டர்காமை எடுத்துப் பேசிவிட்டு வைத்தார். "மேல வரச் சொல்றாங்கம்மா."

"மேல வர முடிஞ்சா இந்தக் காசுக்கு ஏண்ணே விண்ணப்பம் போடப்போறேன்?"

அதுவும் நியாயம்தான் என்பதுபோல வாட்ச்மேன் தலையாட்டிவிட்டு மறுபடி எடுத்தார். கேட்டார். வைத்தார். "மிஷின் மேலதான் இருக்காம். கீழ கொண்டுவர வயர் பத்தாதாம்."

"எத்தனை அடி குறையுதுன்னு கேளுங்க. என்கிட்ட வயர் நிறைய இருக்கு. நானே தரேன்."

வாட்ச்மேன் சிரிக்கவில்லை. அப்படியே மேலே சொன்னார். மறுமுனையில் டக்கென்று வைத்துவிட்டார்கள். அவர் பதிவேட்டைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, நாக்கு நுனியை உதட்டோரம் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதத் தொடங்கினார்.

"இதை எல்லாமா எழுதுவீங்க?"

"எழுதச் சொல்லியிருக்காங்க. எழுதறேன்."

தம்பி சட்டைக் கையை மடித்தான். "தள்ளு. நான் தூக்கிட்டுப் போறேன்க்கா. ரெண்டு மாடிதானே."

"போன தடவை பாங்க்ல தூக்கினியே, ஞாபகம் இருக்கா?"

அவன் மடித்த கையை இறக்கிவிட்டான். பாங்கில் நாலாவது படியிலேயே இரண்டு பேரும் உருண்டார்கள். அவனுக்கு முதுகு பிடித்து மூன்று வாரம் வண்டி ஓடவில்லை. அவளுக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. வலி தெரியாத கால் என்பதால் சாயங்காலம் வீங்கிய பிறகுதான் முறிந்ததே தெரிந்தது. அன்றைக்கே அவள் ஒரு முடிவெடுத்திருந்தாள். இனி எந்த மனுஷன் முதுகிலும் ஏறுவதில்லை.

மதியம் வரை இருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாம் அழைப்புக்கும் இதே கதை, மூன்றாவதுக்கும் இதே கதை. மேலே போகிற செருப்புகளை எண்ணியதுதான் மிச்சம். வாக்கரோடு வந்த ஒரு பெரியவர் படிக்கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "நீயுமா?" என்று கேட்டுவிட்டு வந்த வழியே போனார்.

அடுத்த மாதம் தொகை வரவில்லை. கடிதம்தான் வந்தது. 'மூன்று முறை அழைத்தும் தாங்கள் நேரில் ஆஜராகாததால் தங்கள் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது.'

வந்தேன் என்று சொல்லிவிட்டு வர நாலு தடவை போனாள். நாலு தடவையும் வாட்ச்மேன் இன்டர்காமை எடுத்தார், வைத்தார், எழுதினார். ஆக ஏழு. காசு நின்றதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆஜராகவில்லை என்ற அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில் முள்ளாக நின்றது. பதினாறு வருஷத்தில் அவளை ஊனம் என்று சொன்னவர்கள் உண்டு, பாவம் என்று சொன்னவர்கள் உண்டு. பொய்க்காரி என்று யாரும் சொன்னதில்லை.

வக்கீலம்மா வந்து சேர்ந்தது ஒரு எரிந்துபோன ஃபேனால். இலவச சட்ட உதவி மையத்தில் வேலை. ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரே அறை, ஒரே ஃபேன். அது புகைந்துவிட்டது. தம்பிதான் கழற்றிக் கொண்டுவந்தான். மூன்று நாள் வியர்த்து வழிந்த பிறகு அந்த அம்மாவே நேரில் வாங்க வந்துவிட்டாள். நாற்பது வயதிருக்கும். ஒரு பக்கம் தேய்ந்த செருப்பு, கையில் துணிப்பை, பை நிறையக் காகிதம்.

காயிலக்கா ஃபேனைத் தட்டிக் காட்டினாள். "இன்னும் பத்து வருஷத்துக்கு எரியாது. காசு வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படிச்சு என்ன பண்ணலாம்னு சொல்லுங்க."

வக்கீலம்மா நின்றபடியே படித்தாள். "ரெண்டையும் கலக்காதீங்க. ஃபேனுக்குக் காசு வாங்கிக்கணும். இதுக்கு நான் காசு வாங்கக் கூடாது." பிறகு மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "உங்க தொகையை மட்டும் திரும்ப வாங்கறது சுலபம். கெஞ்சி ஒரு மனு எழுதினா போதும். இந்த விதியை உடைக்கறது கஷ்டம், நாளாகும். எது வேணும்?"

"நான் வரலைன்னு எழுதியிருக்காங்க. அது பொய். அதை அடிச்சு எழுத வைக்கணும்."

"அப்போ கஷ்டமானதுதான்," என்றாள் வக்கீலம்மா. ஏதோ பிடித்த பலகாரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவள்போல முகம் மலர்ந்தது. "வந்ததுக்கு ஏதாவது ருசு இருக்கா?"

"வாட்ச்மேன் எழுதினாரு. ஏழு தடவையும்."

மறுநாள் இரண்டு பேரும் வாட்ச்மேனைப் பார்க்கப் போனார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பன்னைப் பிய்த்து நனைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பன் பாதி டீக்குள் விழுந்துவிட்டது.

"நான் காண்ட்ராக்ட் ஆளும்மா. மேல இருந்து ஒரு போன் போனா நாளைக்கு இந்தத் தொப்பி வேற ஆள் தலையில இருக்கும்." விழுந்த பன்னை ஸ்பூனால் தேடினார். "நோட்டை நான் எடுத்துத் தர மாட்டேன். அது ஆபீஸ் சொத்து. ஆனா கோர்ட்டு கூப்பிட்டுக் கேட்டா இல்லைன்னும் சொல்ல மாட்டேன். ஒன்பது வருஷமா எழுதறேன். ஒரு வரி பொய் எழுதினதில்லை."

"அது போதும்," என்றாள் வக்கீலம்மா.

வழக்கு போட்டார்கள். அலுவலகம் பதில் மனு போட்டது. அதிகாரி கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, சுத்தமாகத் தட்டச்சு செய்த பதில். மனுதாரர் எந்த நாளிலும் அலுவலகத்துக்கு வரவில்லை. வாசலில் அப்படி ஒரு பதிவேடு அதிகாரபூர்வமாகப் பராமரிக்கப்படுவதில்லை. வக்கீலம்மா படித்துக் காட்டியபோது காயிலக்கா சுற்றிக்கொண்டிருந்த கம்பி அறுந்தது. அவள் கையில் கம்பி அறுந்ததைத் தம்பி அன்றுதான் பார்த்தான்.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஒரு கிளார்க் வீடு தேடி வந்தார். இரண்டு மாடி இறங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். வயர் மட்டும்தான் பத்தாது போல. அவர் ஒரு தாளை மரியாதையாக நீட்டினார். வழக்கை வாபஸ் வாங்கினால் நின்ற பத்து மாதத் தொகையும் ஒரே வாரத்தில் கைக்கு வரும். கைரேகையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்வார்கள். கையெழுத்து மட்டும் போட்டால் போதும்.

தம்பிக்குக் கண் விரிந்தது. வீட்டுக்காரர் அந்த வாரத்திலேயே இரண்டு தடவை வந்து வாசலில் இருமிவிட்டுப் போயிருந்தார். "போடுக்கா. இன்னும் என்ன யோசனை?"

அவள் தாளை முழுசாகப் படித்தாள். பிறகு விரலை ஒரு வரியில் வைத்தாள். 'மனுதாரர் நேரில் ஆஜராகாத தவறைக் கருணை அடிப்படையில் மன்னித்து.'

"இந்த வரியை எடுத்துட்டு, ஏழு தடவை வந்தாங்கன்னு எழுதிக் கொண்டாங்க. இப்பவே போடறேன்."

கிளார்க் நெளிந்தார். "அது முடியாதும்மா. வந்தீங்கன்னு எழுதினா, நிறுத்தினது தப்புன்னு ஆயிடும்ல?"

"ஆகும்."

"எல்லாம் ஒரு சம்பிரதாயத்துக்குத்தாம்மா. யாரு படிக்கப் போறா?"

"நான் படிச்சேனே. டீ குடிக்கிறீங்களா?"

கிளார்க் டீ குடிக்காமல் போனார். அவர் தலை மறைந்ததும் தம்பி வெடித்தான். "உன் வீம்பு வாடகை கட்டுமா? அந்த ஆளு பத்து மாசக் காசைத் தட்டுல வெச்சுக் கொண்டுவரான், நீ டீ குடிக்கிறியான்னு கேக்கறே!"

"வந்தவளை வரலைன்னு ஒத்துக்கச் சொல்றான்டா. மன்னிக்கறானாம். எவன் தப்பை எவன் மன்னிக்கறது?"

"ஒத்துக்கிட்டா என்ன குறைஞ்சுடும்?"

"அடுத்த வருஷம் மறுபடி கூப்பிடுவான். மறுபடி மாடிதான். அந்த வாக்கர் பெரியவருக்கு யாரு வீட்டுக்கு வந்து கைரேகை எடுப்பா? அவரு வழக்கு போடலியே." கம்பி நுனியை நிமிர்த்திக்கொண்டே சேர்த்தாள். "அவருக்காகன்னு பெருசா நினைச்சுக்காதே. முதல்ல எனக்கு எரியுது. அதுதான்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். மறுநாள் வந்து ஒரு மாத வாடகையை டப்பா மேல் வைத்தான். ஆட்டோவில் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஓட்டுகிற நேரமெல்லாம் தெருவே அதிரப் பாட்டுப் போடுகிறவன்.

"ஸ்பீக்கர் எங்கடா?"

"ஒரே இரைச்சல். தலைவலி வருது. கழட்டிட்டேன்."

அவள் ஒரு பொத்தானை எடுத்து டப்பாவில் போட்டாள்.

நீதிமன்றம் ஒரு பெரிய கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. காயிலக்கா லிஃப்டில் போனாள். பெஞ்சுகளின் ஓரத்தில் நாற்காலியை நிறுத்திவிட்டுத் தம்பி சுவரோரம் நின்றான். இரண்டு வரிசை முன்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவரை அவள் முதல்முறையாகப் பார்க்கிறாள். கொம்பு முளைத்த ஆளாக இருப்பார் என்று நினைத்திருந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில், ஜலதோஷத்தோடு, மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த சாதாரண மனிதர்.

அரசு வக்கீல் எழுந்தார். நல்ல குரல். "மனுதாரர் மாடி ஏற முடியாது என்கிறார். ஆனால் இன்று முதல் மாடியில் இருக்கும் இந்த நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறார். மனம் இருந்தால் வரலாம் என்பதற்கு அவரே சாட்சி."

வக்கீலம்மா எழுவதற்குள் காயிலக்கா கையைத் தூக்கிவிட்டாள். நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, பேசலாம் என்று தலையசைத்தார்.

"லிஃப்ட்ல வந்தேங்கய்யா. அங்கயும் ஒண்ணு வெச்சாங்கன்னா அங்கயும் மனசு வந்துடும்."

பின் பெஞ்சுகளில் சிரிப்பு புகுந்து ஓடியது. நீதிபதி சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். அரசு வக்கீல் தண்ணீர் குடித்தார்.

அடுத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். சீருடையைத் துவைத்து மடிப்பு வைத்துப் போட்டிருந்தார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். வாசலில் பதிவேடு உண்டா என்று வக்கீலம்மா கேட்டாள்.

"உண்டுங்க. இப்போ பதினேழாவது ஓடுது."

அரசு வக்கீல் குறுக்கிட்டார். "அது அலுவலகப் பதிவேடு அல்ல. காவலாளி பொழுது போகாமல் எழுதி வைத்த சொந்தக் குறிப்பு. அதற்கு எந்த மதிப்பும் கிடையாது."

வாட்ச்மேனின் காது மடல் சிவந்தது. வேலையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வார். நோட்டைச் சொன்னால் தாங்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் அடையாள அட்டை, அதற்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு தாள்.

"சொந்தமா எழுதலைங்கய்யா. எழுதச் சொல்லி உத்தரவு."

நீதிபதி வாங்கி வாய்விட்டுப் படித்தார். "வாசலிலிருந்து தேவையற்ற இன்டர்காம் அழைப்புகள் அடிக்கடி வருகின்றன. இதனால் அலுவலகப் பணி பாதிக்கப்படுகிறது. இனி ஒவ்வோர் அழைப்பையும் நேரம், காரணம், கிடைத்த பதில் ஆகியவற்றுடன் வாசல் பதிவேட்டில் காவலாளி எழுத வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதிவேட்டில் என் கையொப்பம் பெற வேண்டும்." தாளைத் தாழ்த்தினார். "கீழே இருக்கும் கையெழுத்து யாருடையது?"

அதிகாரி எழுந்தார். மூக்கைத் துடைக்க மறந்திருந்தார். "என்னுடையதுதான், ஐயா."

தொல்லை செய்கிற காவலாளியை மட்டம் தட்ட ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போட்ட உத்தரவு. போட்டவர் மறந்துவிட்டார். வாங்கியவர் மறக்கவில்லை.

"பதிவேடுகள் எங்கே?" என்று கேட்டார் நீதிபதி.

"பழைய ஆவணங்கள், ஐயா. தேடிப் பார்க்க அவகாசம்..."

"தேட வேண்டாங்கய்யா," என்றார் வாட்ச்மேன். "கீழ் படிக்கட்டுக்கு அடியில, உடைஞ்ச நாற்காலிக்குப் பின்னால இருக்கு. இந்தம்மா வந்தது பதினஞ்சாவது, பதினாறாவதுல வரும். பச்சை அட்டை. பதினஞ்சு மேல கொஞ்சம் சுண்ணாம்பு கொட்டியிருக்கும்."

மதிய இடைவேளைக்குள் கொண்டுவரச் சொல்லி நீதிபதி எழுந்தார். கொண்டுவந்தார்கள். பதினஞ்சு மேல் சுண்ணாம்பு கொட்டியிருந்தது.

வக்கீலம்மா பக்கத்தைப் புரட்டிப் படித்தாள். அவள் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. அதுதான் காயிலக்காவுக்குப் பிடித்தது.

"பத்து மணி இருபது. சக்கர நாற்காலியில் ஒரு பெண். அழைப்புக் கடிதத்துடன் சரிபார்ப்புக்கு வந்தார். இன்டர்காம் செய்தேன். பதில், மேலே வரச் சொல். பத்து இருபத்து நாலு. மீண்டும் செய்தேன். பதில், மிஷினுக்கு வயர் பத்தாது. பத்து இருபத்தைந்து. அந்தப் பெண் தானே வயர் தருவதாகச் சொன்னார். தெரிவித்தேன். பதில் இல்லை, போனை வைத்துவிட்டார்கள். ஒரு மணி பத்து வரை இருந்தார். போனார்."

பக்கத்தின் அடியில் வெள்ளிக்கிழமைத் தேதி. அதன் மேல் அதிகாரியின் கையெழுத்து, வால் நீண்டு, கீழே கோடு இழுத்து. ஏழு வருகை, ஏழு பக்கம், ஏழு கையெழுத்து. இடையிடையே மற்றவர்கள். வாக்கர் பெரியவர் இரண்டு முறை. இடுப்பில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஊன்றுகோலில் வந்த ஒருத்தி. செயற்கைக் கால் வைத்த லாரி டிரைவர் முதல் மாடிவரை ஏறி, வியர்த்து இறங்கியது. மொத்தம் அறுபத்திரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் நேரம், காரணம், பதில்.

"வாராவாரம் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்," என்றார் நீதிபதி. "படித்தீர்களா?"

அதிகாரி எழுந்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "எத்தனை அழைப்பு என்று மட்டும்தான் பார்ப்பேன், ஐயா. குறைந்திருக்கிறதா என்று."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தீர்ப்பு மூன்று வாரம் கழித்து வந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால், தன் கையால் சுற்றிய ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து காயிலக்கா கேட்டாள். நடக்க முடியாதவர்களை மாடிக்கு அழைத்துவிட்டு, ஏறாதவர்களை வராதவர்கள் என்று எழுதுவது சட்டத்துக்கு விரோதம். அந்த விதி செல்லாது. சரிபார்ப்பு இனித் தரைத்தளத்தில் நடக்க வேண்டும், வர முடியாதவர்களுக்கு வீட்டில். அறுபத்திரண்டு பேருக்கும் நிறுத்திய நாளிலிருந்து தொகையைத் திருப்பித் தர வேண்டும். இதுவரை தேவையற்ற தொந்தரவாகக் கருதப்பட்ட அந்தப் பதிவேடே அந்த அலுவலகத்தில் நேர்மையாக நடந்த ஒரே வேலை என்றும் நீதிபதி எழுதியிருந்தார்.

"அந்த வரியை இன்னொரு தரம் படிங்க," என்றாள் காயிலக்கா.

"நேர்மையா நடந்த வேலையா?"

"அது வாட்ச்மேன் அண்ணனுக்கு. என்னுது, முன்னாடி."

வக்கீலம்மா பக்கத்தைத் திருப்பினாள். "மனுதாரர் ஏழு முறையும் நேரில் ஆஜரானார் என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது."

காயிலக்கா முதுகை நாற்காலியில் நன்றாக நிமிர்த்திக்கொண்டாள். தம்பி மூக்கை உறிஞ்சிவிட்டு, இந்த அறையில் ஒரே தூசி என்றான். "ஃபேன் நல்லா சுத்துதுல்ல, தூசி பறக்கத்தான் செய்யும்," என்றாள் அவள்.

எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. வாட்ச்மேனின் தொப்பி அவர் சொன்னபடியே வேறு தலைக்குப் போயிற்று. காண்ட்ராக்ட் கம்பெனி அவரை ஊருக்கு வெளியே ஒரு சிமென்ட் கிடங்குக்கு மாற்றியது. வக்கீலம்மா அதற்கும் ஒரு மனு தயார் செய்துகொண்டிருக்கிறாள். அவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. பார்க்கப் போன தம்பியிடம் தீர்ப்பின் நகலைக் காட்டினார். தன்னைப் பற்றிய வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டு, அதே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். கிடங்கில் பதிவேடு இல்லை என்று புதிதாக ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறார். சிவப்பு அட்டைதான் கிடைத்ததாம். அது ஒன்றுதான் அவருக்கு வருத்தம்.

சரிபார்ப்பு நாளன்று காயிலக்கா துவைத்த புடவை கட்டிக்கொண்டு போனாள். வாசலில் புது வாட்ச்மேன், மீசை முளைக்காத இளைஞன், எழுந்து நின்றான். படிக்கட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தார்கள். மேசையில் கேமரா, கைரேகை மிஷின். அவளுக்கு முன்னால் வந்திருந்த வாக்கர் பெரியவர் கட்டை விரலைத் துடைத்துக்கொண்டே எழுந்து, அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். சுவரோரமாகப் புத்தம் புது வயர் ஓடியது. அவள் கண் தானாக அதை அளந்தது. பதினெட்டு அடி. இதற்குத்தான் இத்தனை பாடு.

மேசைக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருந்தது. புது உத்தரவுப்படி அதிகாரியே நேரில் இறங்கி வந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பெரியவரின் தாளில் முத்திரை வைக்க அப்போதுதான் மேலே போயிருந்தாராம். இளைஞன் இன்டர்காமை எடுத்தான்.

"சார், கீழ ஒருத்தங்க வந்திருக்காங்க."

மேலே கதவு கிறீச்சிட்டது. காயிலக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது. ஒரு திருப்பம். பத்து. முதல் மாடியில் செருப்பு கொஞ்சம் நின்றது, மூச்சு வாங்கியிருக்கும். ஒன்பது. திருப்பம். பத்து. மொத்தம் முப்பத்தெட்டு. கண்ணைத் திறந்தபோது அதிகாரி எதிரில் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை.

"வணக்கம்," என்றார் அதிகாரி.

"வணக்கம் சார். உட்காருங்க. இறங்கி வந்தது மூச்சு வாங்கும்."

அவர் உட்கார்ந்தார். கேமரா மின்னியது. கைரேகை மிஷின் அவள் கட்டை விரலை மூன்றாவது தடவையில் ஒத்துக்கொண்டது. கம்பியில் தேய்ந்த விரல். பிறகு அவர் படிவத்தை எடுத்தார். அடியில் கார்பன், அதற்கும் அடியில் அவளுக்கான நகல். பயனாளி நேரில் வந்தாரா என்று ஒரு கேள்வி, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதிகாரி அவளைப் பார்க்காமல் அந்தக் கட்டத்தில் பேனாவை லேசாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கையெழுத்துப் போடப் போனார்.

"சார்," என்றாள் காயிலக்கா.

அவர் நிமிர்ந்தார்.

"அந்தக் கட்டத்துல இன்னொரு தரம் அழுத்திப் போடுங்க. அடியில என் தாள்லயும் விழணும்."

அதிகாரி பேனாவைத் திரும்ப அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். இந்த முறை அழுத்திப் போட்டார். அவள் நகலை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விழுந்திருந்தது. மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சக்கரத்தைத் தன் கையாலேயே வாசல் பக்கம் திருப்பினாள்.